மேடைக்கு அடியில் ஒரு வாளி

அத்தியாயம் 6

டிக்கெட் வரிசை தெருமுனை வரை வளைந்து நின்றது. அதைப் பார்த்ததும் டெஸ்மண்ட் டில்லரி தலையில் அடித்துக்கொண்டான்.

"பாஸ், போன வாரம் இதே தியேட்டர் வாசல்ல ஒரு நாயும் ஒரு தபால்காரரும்தான் நின்னாங்க. அந்த நாய்கூட இடைவேளையில கிளம்பிப் போயிடுச்சு."

பெர்னடெட் வோய்சிக் காரைப் பூட்டிவிட்டு வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப மட்டும் என்ன வந்துச்சு இவங்களுக்கு?"

"இப்ப ஒரு நடிகை ஆஸ்பத்திரியில சாகக் கிடக்காங்க. அதைவிட நல்ல விளம்பரம் எங்க கிடைக்கும்?"

செப்டம்பர் பிறந்துவிட்டால் பஃபலோ நகரத்தில் நாடகம் போடாத கட்டிடம் என்று பார்த்தால் வங்கியும் சிறைச்சாலையும்தான். மூடிப்போன தேவாலயம், பழைய கிடங்கு, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம், எல்லாவற்றிலும் ஒரே மாதத்தில் திரை தூக்கிவிடுவார்கள். காபி வாங்கப் போனால் கோப்பையோடு ஒரு நோட்டீஸையும் கையில் திணிப்பார்கள். பார்க்க வருகிற கூட்டமோ அதே பழைய கூட்டம். அந்தக் கூட்டத்துக்காகவும் வருடாந்திர விருதுக்காகவும் ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவின் குரல்வளையைக் கடிக்காத குறை. டெஸ் பத்து வருடம் இந்த மேடைகளில் நடித்துவிட்டு, போதும்டா சாமி என்று பெர்னடெட்டிடம் துப்பறியும் வேலைக்கு வந்து சேர்ந்தவன். மறுபடி இந்தப் படியில் கால் வைக்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

லாக் ஹவுஸ் தியேட்டர் ஒரு காலத்தில் ஐஸ்கிரீம் கிடங்கு. இப்போது அங்கே ஓடுவது 'பனிக்காலப் பந்தி' என்ற நாடகம். பஞ்ச காலத்துப் பண்ணை வீடு ஒன்றில், கொடுமைக்காரக் கணவன் கெட்டுப்போன மாட்டிறைச்சி ஸ்டூவை மனைவியின் முன்னால் வைத்து, சாப்பிடு என்கிறான். அவள் சாப்பிடுகிறாள். விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பற்றித்தான் எழுதினார்கள். மனைவியாக நடித்தவர் கோரின் ஹெஃபர்னன். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், மாலையில் மேடையேறுவார்.

கிண்ணத்தில் நிஜமாக இருப்பது அன்று மதியம் சமைத்த நல்ல ஸ்டூ. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை மாலை, ரசிகர்களுக்குத் தலை வணங்கக் குனிந்த கோரின் நிமிரவில்லை. இப்போது அவருடைய சிறுநீரகத்தின் வேலையை ஒரு இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கெட்ட இறைச்சி, தற்செயல் என்று சுகாதார அதிகாரிகள் எழுதிவிட்டுப் போனார்கள். கோரினின் மகள் மேவ் அதை நம்பாமல் பெர்னடெட்டைத் தேடி வந்தாள். பெர்னடெட்டும் நம்பவில்லை. ஏனென்றால் சமைத்த பெரிய பாத்திரத்தில் இருந்த அதே ஸ்டூவின் மிச்சத்தை ஷோ முடிந்ததும் விளக்குக்காரர் ரொட்டி தொட்டு வழித்துச் சாப்பிட்டிருந்தார். அவருக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

வாசலில் பெரிய சுவரொட்டி. அதன் குறுக்கே ஒரு பத்திரிகையின் பாராட்டைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள்: 'மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டிய மகத்தான நாடகம்!'

பெர்னடெட் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"டெஸ், இதை எப்ப எழுதினாங்க?"

"முதல் ஷோ அன்னிக்கு. ஏன்?"

"இந்த விமர்சனத்தை முழுசாப் படிச்சேன், முன் வரிசையில உக்காந்தா நிஜமாவே நாறுதுன்னு எழுதியிருக்கான். அன்னிக்குக் கிண்ணத்துல இருந்தது நல்ல ஸ்டூ. நல்ல ஸ்டூ எதுக்கு நாறுது?"

டெஸ் கையில் வைத்திருந்த, 'வெக்' என்கிற உப்பு ரொட்டியில் மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச்சைக் கடிக்கப் போனவன் நிறுத்தினான். "எழுதினவன் பக்கத்துல உக்காந்த ஆள் குளிக்காம வந்திருக்கலாம்."

"தினமும் அதே ஆளா? வா."

டைரக்டர் ஹார்லன் க்விக்லி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தான். பெர்னடெட் கைப்பையை நடுவில் வைத்தாள்.

"கோரினை நெனச்சு நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க. இன்னிக்கு ஷோவை அவங்களுக்குத்தான் அர்ப்பணிக்கிறோம்."

"ஞாயித்துக்கிழமை ஷோவை?"

"அதையும்தான்."

"ஆம்புலன்ஸ் போன மறுநாளே திரையைத் தூக்கிட்டீங்க."

"கலை நிக்கக் கூடாதுங்க."

"வாஸ்தவம்தான்" என்றான் டெஸ். "கலை நின்னா வெளிய நிக்கிற வரிசையும் கலைஞ்சு போயிடும்."

ஹார்லன் அதற்குச் சிரித்தான். அவமானப்படுத்துகிறார்கள் என்றே தெரியாத சிரிப்பு. டெஸ்ஸுக்கு இந்தச் சிரிப்பு பழக்கம். பத்து வருடம் இதற்குப் பதில் சிரிப்பு சிரித்து அவனுக்கு வாய் வலித்திருக்கிறது.

மேடையில் பண்ணை வீடு தயாராக இருந்தது. நடுவில் சாப்பாட்டு மேஜை, இரண்டு நாற்காலி. டெஸ் மேடையின் மேல் ஏறி இப்படியும் அப்படியும் நடந்தான். பிறகு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"என்ன பண்றாரு?" என்றான் ஹார்லன்.

"இந்த ஊர் மேடைகள்ல செத்துச் செத்து விழுந்தவன்தாங்க நான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எந்தப் பலகை பழசு, எந்தப் பலகை புதுசுன்னு என் முதுகுக்குத் தெரியும். பாஸ், இந்த ஒரு பலகை புதுசு. சல்லடை மாதிரி ஓட்டை வேற போட்டு வச்சிருக்காங்க."

பெர்னடெட் ஹார்லனைப் பார்த்தாள். ஹார்லன் கூரையைப் பார்த்தான்.

மேடையின் பின்பக்கம் கீழே இறங்க ஒரு சின்னப் படி. டெஸ் குனிந்து உள்ளே போனான். போன வேகத்தில் அவன் இருமுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய் சாண்ட்விச்சை அதில் போட்டான்.

"ஒரு வாளி" என்றான். "மூடி போட்ட வாளி. உள்ள மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும். அது எப்ப மாடா இருந்துச்சுன்னு அந்த மாட்டுக்கே மறந்திருக்கும். பக்கத்துல ஆணியில நீளமா ஒரு கரண்டி. ஒரு சின்ன மின்விசிறி, அந்த ஓட்டைப் பலகையைப் பாத்து வச்சிருக்கு. பாஸ், நான் ஆறு மாசத்துக்குச் சாப்பிட மாட்டேன்."

"அது... அது ஒரு அனுபவம்" என்றான் ஹார்லன்.

"எது?"

"மூணாவது அங்கம் வந்ததும் மூடியைத் திறந்து, ஒரு கிண்டு கிண்டி, விசிறியைப் போடுவோம். முன் வரிசைக்கு வாடை அடிக்கும். அவ்வளவுதான். கிண்ணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! இந்த மாசம் ஊருக்குள்ள எத்தனை நாடகம் ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? கண்ணுக்கும் காதுக்கும் எல்லாரும் குடுக்கிறாங்க. மூக்குக்கு யாருங்க குடுக்கிறாங்க?"

"சுகாதார அதிகாரிகள்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையே."

"வாளியைத் தூக்கியாவது போட்டிருக்கலாமே?"

ஹார்லன் உண்மையாகவே குழம்பினான். "இன்னிக்கு ஷோ இருக்கே!"

டெஸ்ஸுக்கு அங்கேயே அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு மனுஷியைச் சாவின் வாசலில் கொண்டு போய் நிறுத்திய பிறகும் அந்த வாளியைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் கிண்டுவதற்கு.

"வாளி இருக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"எங்க ஆளுங்க எல்லாருக்கும்தான். முதல் ஒத்திகையிலயே ஜினா வாந்தி எடுத்துட்டா. ராய்ஸ் மூக்குக்குக் கீழ தைலம் தடவிக்கிட்டுத்தான் மேடைக்கே வருவாரு. கோரின் மட்டும்தான் முகம் சுளிக்கல. 'உங்க இஷ்டம், ஹார்லன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்குப் பேருதாங்க அர்ப்பணிப்பு."

"ஸ்டூவை மேடைக்குக் கொண்டு வர்றது யாரு?"

"புருஷனா நடிக்கிற ராய்ஸ். உள்ள பெரிய பாத்திரத்துலருந்து ஒரு சின்ன இரும்புச் சட்டியில ஊத்தி வச்சிருப்போம். அவரு எடுத்துட்டு வந்து கிண்ணத்துல ஊத்துவாரு. ஆனா அந்தச் சட்டி ரொம்ப நேரம் படிப் பக்கத்துல சும்மாதான் இருக்கும். யாரு வேணா அந்தப் பக்கம் போகலாம், வரலாம்."

பெர்னடெட் டெஸ்ஸை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள்.

"முடிஞ்சுது பாஸ்" என்றான் டெஸ். "இவன்தான். வாளியிலருந்து ஒரு கரண்டி எடுத்துச் சட்டியில ஊத்தியிருக்கான். அந்தம்மா முகத்துல நிஜ அருவருப்பு வரணும்னு. போலீஸைக் கூப்பிடுங்க, நான் அதுக்குள்ள இவனை அந்த வாளிக்குள்ள தலைகீழா நிறுத்தி வைக்கிறேன்."

"யாருமே வாடையைக் கண்டுபிடிக்கல. அது ஏன்?"

"அதான் ஏற்கெனவே மேடை பூரா நாறிக்கிட்டு இருக்கே. நாத்தத்துக்குள்ள நாத்தத்தை ஒளிச்சு வச்சிருக்கான்."

"அது சரி. ஆனா வாயில வச்சதும்? நீ அந்த வாளியில ஒரு ஸ்பூன் வாயில வைப்பியா?"

டெஸ் ஒரு அடி பின்வாங்கினான். "கேள்வியே வேணாம் பாஸ்."

"தெரியாம வச்சிட்டேன்னு வச்சுக்கோ. முழுங்குவியா?"

"எதிர்ல இருக்கிறவன் மேல துப்புவேன்."

"யாரா இருந்தாலும் துப்புவாங்க. மனசு தடுத்தாலும் உடம்பு வெளிய தள்ளிடும். அப்ப இதைச் செஞ்ச ஆள் என்ன நெனச்சிருக்கணும்? கோரின் முதல் ஸ்பூன்லயே துப்பிடுவாங்க, குட்டு உடைஞ்சிடும்னு நெனச்சிருக்கணும். அப்படி நெனச்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டான்." அவள் குரல் தாழ்ந்தது. "துப்ப மாட்டாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பெண்கள் ஒப்பனை அறையில் ஜினா ஃபால்கோன் மேடைக்கான அழுக்கு உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோரினுக்கு மாற்று நடிகை. உள்ளே நுழைந்ததும் டெஸ் மூக்கைப் பொத்தினான்.

"இங்கயும் ஒரு வாளியா?"

"அது கோரினோட பூ" என்றாள் ஜினா.

கண்ணாடிக்கு முன்னால் கோரினின் இடம். அங்கே ஒரு ஜாடியில் நீலப் பூங்கொத்து. பூக்கள் காய்ந்தும் நிறம் மாறாமல் அழகாகத்தான் இருந்தன. ஜாடித் தண்ணீர்தான் பச்சை பிடித்துச் சாக்கடையாகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய சென்ட் பாட்டில், கிட்டத்தட்டக் காலி.

"தண்ணியை மாத்துங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். 'நல்லாத்தானே இருக்கு ஜினா'ன்னு சிரிப்பாங்க. சென்ட்டை வேற வாளி வாளியாக் கொட்டிப்பாங்க. பஸ்ல வர்ற பிள்ளைங்க தும்முதுங்கன்னு அவங்களே சொல்லுவாங்க."

பெர்னடெட் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "கோரின் படுத்தா உங்களுக்குத்தானே லாபம்?"

ஜினா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"லாபமா? நான் பல் டாக்டர்கிட்ட பல் சுத்தம் பண்ற வேலை பாக்கிறவ. நாள் பூரா ஊரான் வாய் நாத்தம். சாயந்திரம் இங்க வந்தா இந்த நாத்தம். ஞாயித்துக்கிழமை 'நீ மேடையேறலேன்னா குழுவையே கலைச்சிருவேன்'னு ஹார்லன் மிரட்டினான். ஏறினேன். வெக்கமாத்தான் இருக்கு. அந்தக் கிண்ணத்தைப் பாத்தாலே ஓடிடலாம்னு தோணுது. லாபமாம் லாபம்!"

"கோபப்படாதீங்க. இங்க கோரினுக்கு ரொம்ப நெருக்கம் யாரு?"

"ராய்ஸ்தான். முப்பது வருஷ சிநேகிதம். அவரு இப்ப உடைஞ்சு போயிருக்காரு, பாக்கவே பாவமா இருக்கு. தினமும் இவங்களுக்குக் காபி அவருதான் போட்டுக் கொண்டாருவாரு. பால் டப்பாவைத் திறந்து, ஒரு தடவை மோந்து பாத்துட்டுத்தான் ஊத்துவாரு. அவரு குடிக்கிறது கறுப்புக் காபி. இவங்களுக்காக மட்டும்தான் அந்த மோப்பம். என் புருஷன் ஒரு நாள் அப்படிப் பாத்திருப்பானான்னு நான் நெனச்சுப்பேன்."

பெர்னடெட் வெளியே வந்து மேவைத் தொலைபேசியில் அழைத்தாள். கொஞ்ச நேரம் பேசினாள், நிறைய நேரம் கேட்டாள். கைபேசியைப் பைக்குள் போட்டபோது, அழுகிய எதையோ தெரியாமல் மிதித்துவிட்ட மாதிரி அவள் உதடு கோணியிருந்தது.

"எல்லாரையும் மேடைக்கு வரச் சொல்லு டெஸ். போலீஸுக்கும் ஒரு போன் போடு."

"யாருன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு. தெரியாமலே இருந்திருக்கலாம்."

மேடைக்கு ஹார்லன் வந்தான், இஸ்திரி போட்ட உடுப்போடு ஜினா வந்தாள், விளக்குக்காரரும் மற்றவர்களும் ஓரமாக நின்றார்கள். கடைசியாக ராய்ஸ் பென்ஹாலோ வந்தார். வெள்ளை முடி, கழுத்தில் பட்டுக் குட்டை, அழுது வீங்கிய கண்கள். பழக்க தோஷத்தில் மேஜைக்குத் தலைமாட்டில், கணவனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெர்னடெட் மனைவியின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு நல்ல செய்தி. கோரின் கண் முழிச்சிட்டாங்க."

"கடவுளே!" என்றாள் ஜினா. ராய்ஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"மேவ்கிட்ட பேசியிருக்காங்க. முதல் ஸ்பூன் வாயில வச்சப்பவே கெட்டுப்போன ருசி தெரிஞ்சுதாம். சீன் கெடக் கூடாதேன்னு முழுங்கிட்டாங்களாம்."

ஹார்லன் நெஞ்சில் கை வைத்தான். "கலைஞி! நான் சொல்லல? இது வெளிய தெரிஞ்சா..." அவன் கண் ஒரு நொடி டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் போய் வந்தது.

"தெரிஞ்சே முழுங்கினாங்களா?" ஜினா அழ ஆரம்பித்தாள். "எதுக்கு? இந்தப் பாழாப்போன நாடகத்துக்கா?"

"பொய்" என்றார் ராய்ஸ்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மேவ் ஏதோ உளர்றா. கோரினுக்கு எப்படி ருசி தெரியும்? அவளுக்குத்தான்..."

வாய் நின்றுவிட்டது.

"சொல்லுங்க" என்றாள் பெர்னடெட். "அவங்களுக்குத்தான் என்ன?"

ராய்ஸ் கழுத்துக் குட்டையைச் சரிசெய்துகொண்டார். "அவளுக்கு மோப்பம் போயிடுச்சு. ஒரு காய்ச்சல்ல வந்த வினை. ருசியும் அதோட போச்சு. அது தெரிஞ்சா வேஷம் குடுக்கிறவங்க யோசிப்பாங்க, பஸ் கம்பெனியிலயும் கேள்வி கேப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. மகள்கிட்டகூடச் சொல்லல. என்கிட்ட மட்டும் சொன்னா. அதுல என்ன தப்பு? சிநேகிதி ரகசியத்தைக் காப்பாத்தினேன். அது குத்தமா?"

"குத்தமே இல்ல. மேவ்கிட்ட இப்பத்தான் கேட்டேன். அம்மாவுக்கு மோப்பம் இல்லாதது அவளுக்கே தெரியல. அடுப்புல எது கருகினாலும் அம்மாவுக்குத் தெரியாது, வேலை அலுப்புன்னு நெனச்சேன்னு சொல்றா. ஆக, இந்த ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க."

"தெரிஞ்சா நான்தான் செஞ்சேன்னு ஆயிடுமா? வாளியே நாறிக்கிட்டு இருந்துச்சு. சட்டியில இருந்தது கெட்டுப்போனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன், மிஸ்டர் பென்ஹாலோ. பால் டப்பாவைத் தினமும் அவங்களுக்காக மோந்து பாப்பீங்களாமே. எது கெட்டது, எது நல்லதுன்னு அவங்களுக்கு மூக்கா இருந்தவரு நீங்கதான். அந்த மேடையில எப்பவும் வாடை அடிக்கும், எது வேணா கலந்துடலாம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சட்டியைக் கையில தூக்கிட்டு வந்ததும் நீங்கதான். பாலை மோந்து பாக்கிற மூக்கு சனிக்கிழமை மட்டும் எங்க போச்சு?"

ராய்ஸ் குனிந்துகொண்டார். அவருடைய விரல்கள் மேஜையில் ஒரு காய்ந்த கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, ராய்ஸ்" என்றாள் ஜினா மெதுவாக. "நீங்களா?"

அது வரை நேராக இருந்த தோள்கள் சரிந்தன.

"ஒரே ஒரு கரண்டிதான்" என்றான் ராய்ஸ். "சட்டியில ஒரே ஒரு கரண்டி கலந்தேன். வயித்து வலி வரும், ஒரு நாள் படுப்பான்னு நெனச்சேன். எப்பவும் ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிடுவா! மிச்சத்தைச் சும்மா கிண்டிக்கிட்டு இருப்பா. அன்னிக்கு என்னமோ கிண்ணத்தையே காலி பண்ணிட்டா. எதுக்குன்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல."

"ஏன் ஒரு நாள் படுக்கணும்?" என்று கேட்டான் டெஸ். கேட்கும்போதே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. பத்து வருடம் வீணாகப் போகவில்லை. "ஞாயித்துக்கிழமை விருது நடுவர்கள் வந்தாங்களா?"

ராய்ஸ் தலையாட்டினான். "இந்த மாசம் அவங்க எல்லா நாடகத்தையும் பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவைதான் வருவாங்க. கோரின் மேடையில இருந்தா என்னை யாரு பாப்பாங்க? அவ ஸ்பூனைத் தூக்கினாலே கூட்டம் மூச்சை நிறுத்திடும். விமர்சனம் எல்லாத்துலயும் அவதான். என்னைப் பத்தி ஒருத்தன் எழுதினான், 'மற்றும் ராய்ஸ் பென்ஹாலோ'ன்னு. அவ்வளவுதான். மற்றும்! எனக்கும் வயசாகுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ இல்லாம..."

"நடுவர்கள் என்ன சொன்னாங்க?"

"ஜினா பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றான் ராய்ஸ். சொல்லிவிட்டு அழுதான். கோரினுக்காக அழுகிற அழுகை இல்லை அது. அந்த வித்தியாசம் டெஸ்ஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஜினா முன்னால் வந்தாள். கையிலிருந்த உடுப்பைச் சுருட்டி ஹார்லனின் மார்பில் எறிந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ராய்ஸின் கையைப் பிடித்து எழுப்பினார். ஹார்லன் பதறிக்கொண்டு பெர்னடெட்டின் அருகில் வந்தான். அவன் முகத்தில் முதல் தடவையாக உண்மையான வேதனை தெரிந்தது.

"ஒரு நிமிஷம், மிஸ் வோய்சிக். நான் கேக்கிறது தப்புன்னா மன்னிச்சிருங்க. இன்னிக்கு ஹவுஸ்ஃபுல். ஜினா வேற கோவிச்சுக்கிட்டுப் போறா, அவளை நான் சமாதானப்படுத்திருவேன். ஆனா ராய்ஸுக்கு மாத்து ஆள் இல்ல. இவரை ஷோ முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகச் சொல்ல முடியுமா?"

பெர்னடெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெஸ் அவளுக்குப் பதிலாகப் பேசினான்.

"கீழ இருக்கிற வாளியை நீங்கதானே கிண்டுவீங்க, ஹார்லன்?"

"ஆமா, நான்தான்."

"நாத்தம் அதுலருந்து வரல."

வாளியும் சாட்சியம் என்று இன்னொரு போலீஸ்காரர் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கிவந்தார். வெளியே போக வாசல் வழிதான். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இதைப் பார்த்தாவது கூட்டம் வீட்டுக்குப் போகும் என்று டெஸ் நினைத்தான். போகவில்லை. கைபேசிகள் மேலே எழுந்தன. விலை உயர்ந்த கோட்டு போட்ட ஒரு பெண்மணி, வாளி தன்னைத் தாண்டும்போது எட்டிக் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த கணவரிடம் கண்கள் மினுங்கச் சொன்னாள்: "இதுதாங்க அது!"

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியவில்லை. கோரின் கண் விழித்தது பெர்னடெட் கட்டிய கதை. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதை நிஜமாகியிருந்தது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் திரும்ப வேலை செய்யுமா என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை. உயிர் தங்கும் என்று மட்டும் சொன்னார்கள். மேவ் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெர்னடெட் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். யார், எப்படி, ஏன். கோரின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று டெஸ் நினைத்தான்.

"அம்மா, ஒண்ணு மட்டும் எங்களுக்குப் புரியல" என்றான் அவன். "எப்பவும் ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிடுவீங்களாமே. அன்னிக்கு ஏன் முழுசும் சாப்பிட்டீங்க?"

கோரின் கண் திறந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அன்னிக்கு அவன் கிண்ணத்தை நீட்டறப்ப கை நடுங்குச்சுப்பா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. என் முகத்தைப் பாக்க முடியாம தலையைத் திருப்பிக்கிட்டான். முப்பது வருஷமா இவனோட மேடையேறியிருக்கேன், ஒரு நாள் இப்படி நடிச்சதில்ல. ராய்ஸுக்கு இன்னிக்குத்தான் நடிப்பு வந்திருக்குன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

மேவின் விரல்களை அவர் லேசாக அழுத்தினார்.

"நான் பாதியில நிறுத்தி அவன் சீனைக் கெடுத்துரக் கூடாதேன்னுதான், வழிச்சுச் சாப்பிட்டேன்."